பவர் சா இன்ஜின் ஏன் பிடித்துக்கொள்கிறது?

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியது. விடிந்து பார்த்தால் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னந்தோப்புகள் படுத்துக் கிடந்தன. பாதையில் மரம், மின்கம்பி மேல் மரம், மாட்டுக்கொட்டகை மேல் மரம். அன்றைக்குத்தான் பல வீடுகளில் பரணிலிருந்து மரம் அறுக்கும் பவர் சாவை இறக்கினார்கள். சிலது கிளம்பவே இல்லை. கயிற்றை இழுத்துத் தோள் வலித்ததுதான் மிச்சம். சிலது உடனே கிளம்பி, நாலு மரம் நன்றாக அறுத்து, ஐந்தாவது மரத்தில் கிறீச்சென்று நின்றது. அப்புறம் கயிறே இழுபடவில்லை. "இன்ஜின் பிடிச்சுக்கிச்சுண்ணே" என்று கொண்டுவந்து வைத்தார்கள்.

பிடித்துக்கொண்ட மெஷின்களைத் திறந்து பார்க்கும் பழக்கம் எனக்கு அந்த மாதத்தில்தான் வந்தது. பவர் சா, பிரஷ் கட்டர், முதுகில் மாட்டும் பவர் ஸ்பிரேயர் என்று எதைத் திறந்தாலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒரே மாதிரி சின்ன டூ ஸ்ட்ரோக் இன்ஜின். அது சாகும் விதமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். வயதாகித் தேய்ந்து போன இன்ஜினை நான் அதிகம் பார்த்ததில்லை. பெட்ரோல் சரியாகக் கிடைக்காமல் போனவைதான் அதிகம்.

பெட்ரோல் குறைந்தால் இன்ஜின் இழுக்காது, நின்றுவிடும், அவ்வளவுதானே என்று தோன்றும். பைக்கில் அது சரி. பவர் சாவில் கதை வேறு.

நாலு ஸ்ட்ரோக் இன்ஜினில் ஆயிலுக்கென்று அடியில் தனித் தொட்டி இருக்கிறது. பெட்ரோல் தீர்ந்தாலும் ஆயில் அங்கேயே இருக்கும். டூ ஸ்ட்ரோக்கில் அந்த அடிப்பகுதிக்கு, அதாவது கிராங்க் கேஸுக்கு, வேறு வேலை உண்டு. பிஸ்டன் மேலே ஏறும்போது கீழே வெற்றிடம் உண்டாகி, கார்பரேட்டர் வழியாகக் காற்றும் பெட்ரோலும் கிராங்க் கேஸுக்குள் வருகின்றன. பிஸ்டன் கீழே இறங்கும்போது அந்தக் கலவை அமுங்கி, சிலிண்டரின் பக்கவாட்டு வழிகளில் மேலே பீய்ச்சப்படுகிறது. போகிற போக்கில் எரிந்த புகையையும் வெளியே தள்ளிவிடுகிறது. கிராங்க் கேஸே பம்ப். 1891 வாக்கில் இங்கிலாந்தின் பாத் நகரில் ஜோசப் டே என்பவர் இந்த அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். வால்வு வேண்டாம், அதைத் திறந்து மூடும் கேம் வேண்டாம். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடிப்பு. கையில் தூக்குகிற எடையில் இவ்வளவு சக்தி கிடைப்பது இதனால்தான்.

பம்பாக வேலை செய்கிற இடத்தில் ஆயிலைத் தேக்கி வைக்க முடியாது. அதனால் ஆயிலைப் பெட்ரோலிலேயே கலந்து விடுகிறோம். பெட்ரோல் ஆவியாகி எரியப் போகிறது. கூட வந்த ஆயில் கிராங்க் பேரிங்கிலும் பிஸ்டன் மேலும் படலமாக ஒட்டி, வேலை முடிந்ததும் அதுவும் எரிந்து புகையாகப் போகிறது. இந்த இன்ஜினில் பெட்ரோல் வரத்துதான் ஆயில் வரத்து. கலவையில் பெட்ரோல் குறைந்து காற்று கூடினால் சூடு ஏறும். அதே நேரத்தில் உயவும் குறையும். முழு வேகத்தில் 12,000, 13,000 சுற்று ஓடுகிற இன்ஜின் இது. நொடிக்கு இருநூறு தடவைக்கு மேல் பிஸ்டன் ஏறி இறங்குகிறது. அந்த வேகத்தில் கொஞ்ச நேரம் வறண்டு ஓடினால் போதும், அலுமினிய பிஸ்டன் விரிந்து, உருகி, சிலிண்டர் சுவரில் ஒட்டிக்கொள்ளும்.

இதைக் கண்ணால் பார்க்கலாம். சைலன்சரை இரண்டு மூன்று போல்ட்தான் பிடித்திருக்கும். கழற்றினால் சிலிண்டரில் புகை போகும் ஓட்டை தெரியும். ஆறிய பிறகு பெரும்பாலும் கயிறு மறுபடி இழுபடும். டார்ச் அடித்துக்கொண்டு மெல்ல இழுத்தால் பிஸ்டன் அந்த ஓட்டையில் வந்து வந்து போகும். நல்ல பிஸ்டனின் மேல், கடைசலில் விழுந்த மெல்லிய குறுக்குக் கோடுகள் அப்படியே இருக்கும். பிடித்துக்கொண்ட பிஸ்டனில் மேலிருந்து கீழாகக் கீறல் ஓடும். நகத்தை வைத்தால் தட்டும். அந்தக் கீறல் எந்தப் பக்கம் என்பது முக்கியம். புகை போகும் பக்கம்தான் இன்ஜினிலேயே சூடான பக்கம். அங்கே மட்டும் கீறல் இருந்தால் பெட்ரோல் குறைவு அல்லது ஆயில் குறைவு. கார்பரேட்டர் பக்கத்தில் பளபளப்பு போய், உப்புத்தாள் தேய்த்த மாதிரி மங்கலாக இருந்தால் ஏர் ஃபில்டர் வழியாகத் தூசி போயிருக்கிறது. எதையும் கழற்றி மாற்றுவதற்கு முன்னால் இந்த ஐந்து நிமிஷப் பார்வை பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். இதைப் பார்க்காமல் புது பிஸ்டன் போட்டால், பழைய காரணம் உள்ளேயே இருந்து புது பிஸ்டனையும் தின்னும்.

கலவை விகிதம்

முதல் காரணம் ஆயிலே போடாமல் விடுவது. அவசரத்தில் பைக்கிலிருந்து பிடித்த பெட்ரோலை அப்படியே ஊற்றுவது புயல் நேரத்தில் நிறைய நடக்கும். அடுத்தது தப்பான ஆயில். பைக்குக்கு ஊற்றும் நாலு ஸ்ட்ரோக் ஆயில் எரிவதற்குச் செய்ததில்லை, கரியாக ஒட்டும். படகு மோட்டாருக்கான டிசி-டபிள்யூ3 ஆயிலும் இதற்கு ஆகாது. அது தண்ணீரில் குளிர்ந்து ஓடும் இன்ஜினுக்கானது. நம் மெஷின் வெறும் காற்றில் குளிர்கிறது, அதைவிடச் சூடாக ஓடுகிறது. டப்பாவில் ஜாசோ எஃப்சி அல்லது எஃப்டி என்ற ஜப்பானியத் தரக்குறி போட்டிருக்கும் 2டி ஆயில், அதாவது டூ ஸ்ட்ரோக்குக்கான ஆயில்தான் வேண்டும்.

அளவு மெஷினின் கையேட்டில் இருக்கும். 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி. 40-க்கு 1 என்றால் 25. 25-க்கு 1 என்றால் 40. மூடிக் கணக்கு, கண் கணக்கு எல்லாம் வேண்டாம். மருந்துக் கடையில் 20 மில்லி சிரிஞ்ச் ஒன்று வாங்கி ஆயில் டப்பாவோடு கட்டி வைத்தால் காலத்துக்கும் போதும். "கொஞ்சம் கூட ஊத்து, நல்லதுதானே" என்பார்கள். கூட ஊற்றினால் அதே லிட்டரில் பெட்ரோல் அந்த அளவுக்குக் குறைகிறது. பிளக்கிலும் சைலன்சர் வலையிலும் கரி அடைக்கிறது. கிளம்புகிறது, ஸ்லோவில் ஓடுகிறது, ஆனால் ரேஸ் கொடுத்தால் ஏறவில்லை என்று வரும் மெஷினில் நான் முதலில் பார்ப்பது சைலன்சர் வாயிலுள்ள அந்தச் சின்ன வலையைத்தான்.

கார்பரேட்டர் என்னும் சவ்வுப் பை

பைக் கார்பரேட்டரில் மிதவைத் தொட்டி இருக்கும். சாய்த்தால் பெட்ரோல் வழியும். பவர் சாவைப் படுக்க வைத்து, தலைகீழாகத் திருப்பி எல்லாம் அறுக்கிறோம். அதனால் இதில் மிதவைக்குப் பதில் டயாஃப்ரம், ஒரு மெல்லிய சவ்வு. உண்மையில் இரண்டு சவ்வுகள். ஒன்று கிராங்க் கேஸின் அழுத்தத் துடிப்பில் அடித்து அடித்துப் பெட்ரோலை டேங்கிலிருந்து இழுக்கிறது. இன்னொன்று உள்ளே தேவை வரும்போது குழிந்து, ஒரு சின்ன நெம்புகோலை அழுத்தி, ஊசியைத் திறந்து, வேண்டிய அளவு உள்ளே விடுகிறது. ஜெர்மனியில் ஆண்ட்ரியாஸ் ஷ்டீல் 1929-ல் கொண்டுவந்த பெட்ரோல் மரம் அறுக்கும் மெஷின் 46 கிலோ. இரண்டு பேர் பிடிக்க வேண்டும். எடை குறைந்து ஒரே ஆள் எந்தக் கோணத்திலும் அறுக்கலாம் என்ற நிலை வந்ததில் இந்தச் சவ்வுக்குப் பெரிய பங்கு உண்டு.

புதுச் சவ்வு பலூன் தோல் மாதிரி தொய்வாக, மிருதுவாக இருக்கும். மூன்று நாலு வருஷம் பெட்ரோலில் ஊறிக் காய்ந்த சவ்வைக் காதருகே வைத்து மடக்கினால் வெங்காயச் சருகு மாதிரி மொறுமொறுக்கும். விறைத்த சவ்வு முழுசாகக் குழியாது. ஊசி பாதிதான் திறக்கும். மெஷின் கிளம்பும், ஓடும், ஆனால் வறண்டு ஓடும். கஜாவின்போது ஐந்தாவது மரத்தில் பிடித்துக்கொண்ட மெஷின்கள் பலவற்றில் நான் பார்த்தது இதைத்தான். சவ்வும் கேஸ்கெட்டும் அடங்கிய கிட் சில நூறு ரூபாய். பிஸ்டனும் சிலிண்டரும் சேர்ந்த செட் அதைப்போலப் பல மடங்கு. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை கிட் மாற்றுவதைச் செலவாக நினைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கும்.

சவ்வு நன்றாக இருந்தும் வறண்டு ஓடினால், டேங்குக்குள் தொங்கும் ஃபில்டரைக் கம்பிக் கொக்கியால் வெளியே இழுத்துப் பாருங்கள். அதோடு வரும் ரப்பர் குழாயை வளைத்தால் வெடிப்பு தெரியும். அதுவும் சரி என்றால் எங்கேயோ காற்று உள்ளே கசிகிறது. கார்பரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவிலுள்ள ரப்பர் வழி கிழிந்திருக்கலாம். கிராங்கின் இரு முனையிலுமுள்ள ஆயில் சீல் விறைத்திருக்கலாம். ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் வேகம் உடனே இறங்காமல் தொங்குகிறதா? ஸ்லோவில் ஓடும்போது மெஷினைச் சாய்த்தால் சத்தம் தானாக ஏறுகிறதா? அப்படியானால் கசிவு இருக்கிறது. அறுப்பதை அங்கேயே நிறுத்துங்கள்.

அப்புறம் திருகுகள். எச், எல், எல்ஏ என்று எழுத்து போட்ட மூன்று திருகுகள் பல மெஷின்களின் கார்பரேட்டரில் இருக்கும். எல் ஸ்லோவுக்கு, எச் முழு வேகத்துக்கு, எல்ஏ ஸ்லோ வேகத்தைக் கூட்டக் குறைக்க. எச் திருகை உள்ளே இறுக்கினால் பெட்ரோல் குறையும், சத்தம் கூர்மையாகும், மெஷினுக்குப் புது வேகம் வந்த மாதிரி இருக்கும். "டியூன் பண்ணித் தந்தாங்க, சும்மா பறக்குது" என்று சந்தோஷமாகச் சொல்லப்படும் மெஷின்களைக் கண்டால் எனக்குப் பயம். சரியான அளவில் வைத்த மெஷினை மரத்தில் வைக்காமல் முழுசாக ரேஸ் கொடுத்தால் சத்தம் சுத்தமாக இருக்காது; கரகரவென்று தடுமாறும். பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாக இருப்பதால் சில சுற்றுகளில் வெடிப்பு தவறுகிறது. செயின் ஓடும் பாரை மரத்தில் அழுத்தியதும் அந்தத் தடுமாற்றம் போய்ச் சத்தம் நேராகும். காற்றில் கரகரப்பு, மரத்தில் சுத்தம்: இதுதான் காது வைத்துப் பார்க்கும் அளவு. காற்றிலேயே விசில் மாதிரி கத்தினால் எச் திருகைக் கொஞ்சம் வெளியே திறக்க வேண்டும்.

பெட்ரோல் மாறிவிட்டது

இத்தனை நாளும் சரியாக ஓடிய மெஷின், யாரும் கை வைக்காமலே வறண்டு ஓட ஆரம்பிக்கலாம். 2023-லிருந்து 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பங்க்குகளுக்கு வந்து, 2025-க்குள் நாடெங்கும் அதுவே வழக்கமாகிவிட்டது. பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். எத்தனால் கூடக் கூட, அதே திருகு அளவில் கலவை மெலிகிறது. இப்போதைய பைக்கில் சென்சார் இருக்கிறது, அதுவே சரிசெய்துகொள்ளும். பவர் சாவில் இருப்பது திருகும் சவ்வும்தான். பல கம்பெனிகளின் கையேடு 10 சதவீதத்துக்கு மேல் எத்தனால் வேண்டாம் என்றே சொல்கிறது. பழைய ரப்பர் குழாய்களும் சவ்வும் எத்தனாலில் சீக்கிரம் விறைக்கின்றன.

இதைவிட மோசமானது தண்ணீர். எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். மழைக்காலத்தில் மூடி சரியில்லாத கேனில் மாசக்கணக்கில் கிடந்தால், ஒரு கட்டத்தில் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். கலந்த ஆயிலோ பெரும்பாலும் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். டேங்க் ஃபில்டர் எடை உள்ளது; அது எப்போதும் அடியில்தான் கிடக்கும். இன்ஜினுக்கு முதலில் போவது ஆயில் இல்லாத அந்த அடித் தண்ணீர். போன வருஷக் கலவையோடு பரணில் கிடந்த மெஷினைப் புயலன்று அப்படியே இழுத்தால் நடப்பது இதுதான்.

பெட்ரோலில் எவ்வளவு எத்தனால் என்று வீட்டிலேயே பார்க்கலாம். திறந்தவெளியில், அடுப்பு பீடி எதுவும் பக்கத்தில் இல்லாமல், அளவுக் கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் 10 மில்லி தண்ணீரும் 90 மில்லி ஆயில் கலக்காத பெட்ரோலும் விட்டு, மூடிக் குலுக்கி வையுங்கள். தண்ணீர் எத்தனாலை இழுத்துக்கொண்டு அடியில் தங்கும். அடிமட்டம் 10-லேயே நின்றால் எத்தனால் இல்லை. 25-ஐத் தாண்டினால் 20 சதவீதப் பெட்ரோல். அப்படி இருந்தால் எச் திருகைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திறந்து, மேலே சொன்ன கரகரப்பு வருகிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள். கலவையை ஒரு மாசத்துக்கு மேல் வைக்காதீர்கள். டேங்கில் மிச்சமிருப்பதை வடித்துவிடுங்கள்.

ஒரு காலத்தில் இதெல்லாம் ஊர் மெக்கானிக்குகளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. 1980-ல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்தது, 1985-ல் யமஹாவின் ஆர்எக்ஸ் 100 வந்தது. பங்க்குகளில் பெட்ரோலோடு 2டி ஆயிலும் அடித்துக் கொடுத்தார்கள். சைலன்சரைத் தீயில் காட்டிக் கரி தட்டுவது தெருவில் அன்றாடம் பார்க்கிற காட்சி. 2015-ல் டிவிஎஸ் எக்ஸ்எல்லே நாலு ஸ்ட்ரோக்கில் வந்துவிட்டது. டூ ஸ்ட்ரோக் கைப்பழக்கம் உள்ளவர்கள் தொழிலை விட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதே நேரத்தில் களையெடுக்க ஆள் இல்லாமல் வீட்டுக்கு வீடு பிரஷ் கட்டர் வந்துகொண்டிருக்கிறது. அந்தக் காலத்துக் கைப்பழக்கத்தில் ஒன்று மட்டும் இங்கே ஆகாது. ஆர்எக்ஸ் சிலிண்டரில் இரும்பு லைனர் இருந்ததால் போர் போட்டு, அதாவது உள்சுவரைக் கடைந்து அகலமாக்கி, ஓவர்சைஸ் பிஸ்டன் ஏற்றினார்கள். பவர் சா சிலிண்டர் அலுமினியத்தின் மேல் குரோமோ நிக்கலோ மெல்லிசாகப் பூசியது. போர் போட்டால் பூச்சு போய்விடும். அப்புறம் அந்த சிலிண்டர் எதற்கும் உதவாது. பூச்சு உரியாமல் பிஸ்டனின் அலுமினியம் மட்டும் ஒட்டியிருந்தால் அதைக் கவனமாக எடுத்துவிட்டுப் புதுப் பிஸ்டன் போடலாம். உரிந்திருந்தால் செட்டாகவே மாற்ற வேண்டியதுதான்.

மழுங்கிய செயின்

செயினையும் இன்ஜின் கணக்கில்தான் சேர்க்க வேண்டும். இன்றைய செயின் பல்லின் வடிவம், அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்ற மரம் வெட்டி 1946-ல் ஒரு வண்டின் புழு கட்டையைக் குடைவதைப் பார்த்து யோசித்தது. புழு இடமும் வலமுமாக மாறி மாறிச் செதுக்கியது; செயின் பல்லும் அப்படித்தான் ஒன்று விட்டு ஒன்று சாய்ந்திருக்கிறது. கூர்மையான பல் மரத்தைச் செதிலாக எடுக்கும். மழுங்கினது மாவாகத் தேய்க்கும். செயினிலிருந்து விழுவது மாவு என்றால், நீங்கள் மெஷினை அழுத்துகிறீர்கள், இன்ஜின் திணறிச் சூடேறுகிறது.

தென்னையும் பனையும் செயினைச் சீக்கிரம் மழுக்கும். அந்தக் கட்டையில் சிலிக்கா இருக்கிறது, வெளிப்பக்கம் கடினம், விழுந்த மரத்தில் மண் வேறு ஒட்டியிருக்கும். பெட்ரோல் நிரப்பும்போதெல்லாம் ஒவ்வொரு பல்லுக்கும் இரண்டு மூன்று இழுப்பு உருண்டை அரம் போடுவது நல்லது. பல்லின் மேல் உள்ள 30 டிகிரி சாய்வை விடாமல், ஒரே திசையில் தள்ள வேண்டும். 3/8 அங்குலப் பிட்ச் (கண்ணிகளின் இடைவெளி அளவு) செயினுக்கு 5.2 அல்லது 5.5 மில்லிமீட்டர் அரம், .325-க்கு 4.8, சின்ன மெஷின்களின் தாழ்வான 3/8-க்கு 4 மில்லிமீட்டர். செயின் ஆயிலுக்குப் பதில் பைக்கில் வடித்த கருப்பு ஆயிலை ஊற்றுவது எல்லா ஊரிலும் நடக்கிறது. அதில் இரும்புத் துகள் இருக்கிறது, ஆயில் பம்பைத் தின்னும். கையிலும் மூச்சிலும் படுகிற நமக்கும் அது கெடுதல்.

மெஷினை அடுத்த புயல்வரை எடுத்து வைப்பதென்றால் புரட்டாசிக்குள் இதைச் செய்துவிடுவேன். டேங்கிலுள்ள கலவையை வடிப்பேன். மெஷினைக் கிளப்பி, கார்பரேட்டரில் மிச்சமிருப்பது தீர்ந்து தானாக நிற்கும்வரை ஸ்லோவில் ஓட விடுவேன். பிளக்கைக் கழற்றி அரைத் தேக்கரண்டி 2டி ஆயிலை உள்ளே விட்டு, கயிற்றை நாலு தடவை மெல்ல இழுப்பேன். பிளக்கின் இடைவெளி 0.5 மில்லிமீட்டர் இருக்கிறதா என்று பார்த்துத் திரும்பப் போட்டு, கயிறு கனக்கும் இடத்தில் நிறுத்துவேன். அங்கே பிஸ்டன் மேலே நின்று புகை வழியை மூடியிருக்கும், ஈரக்காற்று சிலிண்டருக்குள் போகாது. மெஷின் பைக்குள் ஒரு பிளக், ஒரு டயாஃப்ரம் கிட், ஒரு ஜாண் பெட்ரோல் குழாய், உருண்டை அரம், அந்த 20 மில்லி சிரிஞ்ச். பெட்ரோல் மட்டும் மழை அறிவிப்பு வந்த பிறகு புதுசாகப் பிடித்துக் கலந்துகொள்ளலாம்.